ஏணிக் கணக்கு

முதலாமாண்டு இயக்கவியல் பாடத்தைப் பன்னிரண்டு வருடம் அவன் ஒருவன்தான் நடத்திவந்தான். அந்த வருடம் மாணவர் எண்ணிக்கை நூற்றிருபதைத் தொட்டதால் வகுப்பை இரண்டு பிரிவாக்க வேண்டியதாயிற்று. இரண்டாவது பிரிவுக்கு ஆள் தேடியபோது துறைத்தலைவரிடம் தன் மனைவியைப் பற்றிச் சொன்னதே அவன்தான். இருவரும் ஒன்றாக இயற்பியல் படித்தவர்கள். மகள் பிறந்தபின் அவள் ஏழு வருடமாக ஒரு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு படிச்சுட்டு இன்னும் எத்தனை நாளைக்கு வகுத்தல், பெருக்கல்னு இருக்கப்போற? அப்ளை பண்ணு" என்று அவளை உட்காரவைத்து விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்து கொடுத்ததும் அவன்தான். வேலை கிடைத்தபோது மனதார மகிழ்ந்தான். அதில் பொய் இல்லை.

வீட்டில் இருவரும் வா, போ என்றுதான் பேசிக்கொள்வார்கள். கல்லூரியில் மாணவர்கள் முன்னால் அவள் அவனை "சார்" என்பாள். முதல் வாரம் அதைக் கேட்க அவனுக்குச் சிரிப்பாக இருந்தது.

இரண்டாவது வாரத்தில் சிரிப்பு பக்கத்து அறையிலிருந்து வந்தது. அவன் நியூட்டனின் மூன்றாம் விதியைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் அறுபது பேர் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அவன் வகுப்பில் இரண்டு பேர், அங்கே என்ன நடந்தது என்று தெரியாமலேயே சேர்ந்து சிரித்தார்கள். அவன் சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு, "இயக்கவியல்ல சிரிக்க என்ன இருக்கு?" என்று கேட்டான்.

இன்னொரு நாள் தரைத்தளத்தில் லிஃப்ட்டுக்காகக் காத்திருந்தான். கதவு திறந்தது. உள்ளே அவன் மனைவி, நசுங்கிக்கொண்டு ஏழெட்டு மாணவர்கள், நடுவில் எடை பார்க்கும் மெஷின் ஒன்று. அதன்மேல் ஒரு மாணவன் நின்றுகொண்டிருக்க, மற்றவர்கள் குனிந்து எண்ணைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"லிஃப்ட் நிக்கும்போது குறையுதா, கூடுதா? நல்லா பாருங்க" என்றாள் அவள். பிறகு அவனைப் பார்த்து, "சார், அடுத்த ட்ரிப்ல வாங்க, இடமில்ல" என்றாள். கதவு மூடிக்கொண்டது.

அது அவர்கள் வீட்டுக் குளியலறை மெஷின். காலையில் அதைத் தேடினோமே என்று நினைத்துக்கொண்டே படியேறி நான்காம் மாடிக்குப் போனான்.

எந்தப் பிரிவில் வேண்டுமானாலும் உட்காரலாம் என்று முதல் மாதம் சலுகை இருந்தது. அவன் வகுப்புக்குள் நுழைந்ததும் தலைகளை எண்ணத் தொடங்கினான். ஐம்பத்தெட்டு. ஐம்பத்திரண்டு. நாற்பத்தாறு. போனவர்களில் ஒரு பெண்ணை மட்டும் அவனால் மறக்க முடியவில்லை. எதற்கெடுத்தாலும் கை தூக்குவதால் எல்லாரும் அவளை "டவுட்டு" என்று கூப்பிட்டார்கள். அவள் கை தூக்கும்போதெல்லாம், "கிளாஸ் முடிஞ்சதும் வாம்மா" என்று சொல்லித் தள்ளிப்போட்டது அவனுக்கு நினைவிருந்தது. நான்காவது நாள் அவள் பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விட்டாள். தனக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு என்று அவனுக்குத் தெரியும். வருடாவருடம் ஒரே நோட்டைப் புரட்டி ஒரே கணக்கைப் போடுவதால் "டிட்டோ சார்."

"உங்க வீட்டம்மா பின்றாங்களாமே சார்!" என்றார் வேதியியல்காரர், தேநீர் வரிசையில் நின்றபடி. "பசங்க இடமில்லாம தரையில உக்காந்து கேக்கறாங்களாம்."

"ஆமா ஆமா" என்று சிரித்தான். தேநீர் வாங்காமலே வரிசையிலிருந்து விலகிப் போனான்.

வீட்டில் அவள் சந்தோஷமாக இருந்தாள். அதுதான் அவனை இன்னும் படுத்தியது. சாப்பிடும்போது வகுப்பைப் பற்றியே பேசினாள். யார் என்ன கேட்டார்கள், எந்தப் பையன் மேசையைத் தள்ளமுடியாமல் வழுக்கி விழுந்தான் என்றெல்லாம் சொன்னாள். மகள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா, உன் கிளாஸ்ல யாராவது விழுந்தாங்களா?" என்று ஒருநாள் கேட்டாள். "என் கிளாஸ்ல எல்லாரும் ஒழுங்கா உக்காந்திருப்பாங்க" என்று வெடுக்கென்று சொன்னான். குழந்தையின் முகம் சுருங்கிப்போனது.

"உனக்கு சிலபஸ் முடியுமா?" என்று மனைவியைக் கேட்டான். அக்கறையாகக் கேட்பதுபோலத்தான் கேட்டான்.

"உந்தம் வரைக்கும் வந்துட்டேன். சுழற்சிக்கு இன்னும் ரெண்டு வாரம் ஆகும். அவசரமில்லையே, செமஸ்டர் முடிய நாள் இருக்கே."

இடைத்தேர்வு பத்து நாளில் இருந்தது. இரண்டு பிரிவுக்கும் ஒரே கேள்வித்தாள். அதைத் தயாரிப்பவன் அவன். மறுநாள் காலை தன் அறையில் உட்கார்ந்து கடைசிக் கேள்வியாக, பதினைந்து மதிப்பெண்ணுக்கு, ஏணிக் கணக்கைச் சேர்த்தான். வழவழப்பான தரை, வழவழப்பான சுவர். சுவரை ஒட்டி நேராக நிறுத்திய ஏணி வழுக்கி இறங்குகிறது. அதன் மேல்நுனி தரையைத் தொடும்போது வேகம் என்ன? சுழற்சி தெரியாமல் அதைப் போட முடியாது. அவன் தன் வகுப்பில் சுழற்சியை முடித்துவிட்டான். ஏணிக் கணக்கைப் போன வாரம்தான் பலகையில் முழுசாகப் போட்டுக் காட்டியிருந்தான். என்ன செய்கிறோம் என்று அவனுக்கு நன்றாகவே தெரிந்தது.

தேர்வு முடிந்தது. ஒருவர் பிரிவை மற்றவர் திருத்த வேண்டும் என்பது துறையின் வழக்கம். மனைவியின் மாணவர்கள் எழுதிய எழுபத்துச் சொச்சம் தாள்களும் அவன் மேசைக்கு வந்தன. மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு கடைசிக் கேள்வியைத்தான் முதலில் புரட்டினான். வெற்றுத்தாள். வெற்றுத்தாள். பாதியில் அடித்துவிட்ட கணக்கு. உள்ளுக்குள் ஏதோ குளிர்ந்தது. பேனாவைச் சுழற்றியபடி சைபர்களைப் போட்டுக்கொண்டே போனான்.

இருபதாவது தாளோ என்னவோ, டவுட்டுவின் தாள். அவளும் விடை எழுதவில்லை. நான்கு வரி மட்டும் எழுதியிருந்தாள்.

"ஏணி கடைசிவரை சுவரைத் தொட்டுக்கொண்டே இருந்தால் அதன் நடுப்புள்ளி சுவரைவிட்டு விலகும் வேகம் முதலில் கூடும், தரைக்கு வரும்போது மறுபடி சைபராகும். கூட்டியது சுவரின் தள்ளல். குறைத்தது யார்? தரை வழவழப்பானது. சுவர் இழுத்திருக்க வேண்டும். சுவரில் பசை இல்லை. ஆகவே ஏணி நடுவிலேயே சுவரை விட்டிருக்கிறது. எங்கே விட்டது என்று கண்டுபிடிக்க எனக்கு இன்னும் தெரியாது."

சைபர் போடப்போன பேனா நின்றது. முட்டாள்தனம் என்று நினைத்தான். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்தான். சுவர் ஏணியைத் தள்ளும் விசைக்குச் சமன்பாடு எழுதினான். பன்னிரண்டு வருடத்தில் அதை எழுதவேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை. ஆற்றல் அழியாது என்று இரண்டே வரியில் விடைக்குத் தாவிவிடுவான். இப்போது விசை மெல்ல ஏறி, இறங்கி, மேல்நுனி முதலில் இருந்த உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு வந்ததும் சைபரானது. அதற்குக் கீழே சுவருக்கும் ஏணிக்கும் சம்பந்தமே இல்லை. அவன் விடை தப்பு. பன்னிரண்டு வருடமாகத் தப்பு. இந்த வருடம் தன் வகுப்பில் நாற்பத்தாறு பேருக்கும் அதே தப்பைச் சொல்லிக்கொடுத்துத் தேர்வுக்கு அனுப்பியிருந்தான்.

வெள்ளைத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். டவுட்டுவின் தாளில் 'இரண்டு' என்று போட்டான்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் மனைவி அவனுடைய பிரிவின் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். திடீரென்று நிமிர்ந்து, "இந்த ஏணிக் கணக்கு... நீ கொடுத்திருக்கிற விடை சரிதானா? எல்லாரும் அதையேதான் எழுதியிருக்காங்க. ஆனா எனக்கு என்னமோ இடிக்குது" என்றாள்.

"பன்னெண்டு வருஷமா போடற கணக்கு" என்றான். "சரிதான்."

அவள் கொஞ்சநேரம் அவனைப் பார்த்தாள். பிறகு குனிந்து திருத்தத் தொடங்கினாள்.

தாள்கள் மாணவர்கள் கைக்குப் போன மறுநாள் காலை, டவுட்டுவைக் கூட்டிக்கொண்டு மனைவி அவன் அறைக்கு வந்தாள்.

"சார், இந்தப் பொண்ணுக்கு உங்ககிட்ட ஏதோ கேக்கணுமாம்" என்றுவிட்டு அலமாரிப் பக்கம் தள்ளி நின்றுகொண்டாள்.

டவுட்டு தாளை நீட்டினாள். "சார், ரெண்டு மார்க் எதுக்குன்னு புரியல."

"ஏம்மா, பத்தலையா?"

"அப்படி இல்ல சார். நான் எழுதினது தப்புன்னா சைபர் போடணும். சரின்னா ரெண்டு கம்மி. ரெண்டு மார்க் அளவுக்கு மட்டும் எப்படி சார் சரியா இருக்க முடியும்?"

"நீ கணக்கையே போடலையேம்மா."

"சுழற்சி இன்னும் வரல சார், எப்படிப் போடறது? ஆனா நோட்டீஸ் போர்டுல நீங்க ஒட்டியிருக்கிற விடை தப்புன்னு மட்டும் எனக்குத் தெரியும்."

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் அலமாரியில் இருந்த புத்தகங்களின் முதுகைப் படித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. அந்தப் பெண்ணோ பதிலுக்காக வாயைக்கூட மூடாமல் காத்திருந்தாள். அந்த முகத்தில் அவனைக் கவிழ்க்கும் எண்ணம் துளியும் இல்லை. ஏணிக்கு என்ன ஆனது என்று தெரிந்தால் போதும் அவளுக்கு.

சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்தான். "நீ எழுதினது சரி. என் விடைதான் தப்பு. மூணுல ரெண்டு பங்கு உயரத்துல விட்டுடும், இதுல இருக்கு. எனக்கு உன் பேப்பரைத் திருத்தும்போதே தெரியும்."

மனைவி திரும்பிப் பார்த்தாள். டவுட்டு தாளை வாங்கி அங்கேயே படிக்கத் தொடங்கினாள். "கிளாஸ்ல போய்ப் படிம்மா" என்று அவளை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள் மனைவி.

"அப்ப நான் சாப்பாட்டு மேசையில கேட்டப்ப?"

"தெரியும்."

"சுழற்சி இன்னும் ஆரம்பிக்கலன்னு உன்கிட்ட நான்தான் சொன்னேன்."

"ஆமா."

"அதைத் தெரிஞ்சுக்கிட்டே வெச்சியா?"

அவன் தலையசைத்தான்.

"பசங்க வந்து, 'மேடம், இதை நீங்க நடத்தவே இல்லையே'ன்னு கேட்டாங்க. நான்தான் ஆமை மாதிரி நடத்திட்டேன்னு நினைச்சு எனக்கு மூணு நாளா சாப்பாடு இறங்கல. பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டுதானே இருந்த?" அவள் குரல் உடைந்தது. "எதுக்கு?"

"பொறாமை."

"யார்மேல?"

அவள் நிஜமாகவே புரியாமல் கேட்டாள். அதுதான் அவனுக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

"உன்மேலதான். வேற யார்மேல?"

அவள் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

அன்றே துறைத்தலைவருக்கு எழுதிக் கொடுத்தான், விடை தப்பு என்பதை மட்டுமல்ல, கேள்வியை வைத்த விதத்தையும். துறைத்தலைவர் இரண்டுமுறை படித்துவிட்டு, "இந்தக் கடைசி வரி வேணுமா?" என்று கேட்டார். "இருக்கட்டும் சார்" என்றான். கேள்வி ரத்தானது. இறுதித் தேர்வுத் தாளைத் தயாரிக்கும் பொறுப்பு அவளுக்குப் போனது.

தன் வகுப்பில் சொல்வதுதான் கடினமாக இருந்தது. "நீங்க சொன்னதைத்தானே சார் எழுதினோம்? எங்க பதினஞ்சு மார்க் போச்சே!" என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான். நோட்டைத் திறக்காமல் ஏணியைப் பலகையில் வரைந்தான். நடுவில் ஒரு குறி மாறிப்போய்ப் பாதிப் பலகையை அழித்து மறுபடி போட்டான். கோபத்தில் நான்கைந்து பேர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் மணியடித்த பிறகும் உட்கார்ந்திருந்தார்கள்.

வீட்டில் மூன்று வாரம் அவள் தேவைக்கு மட்டும் பேசினாள். "கேஸ் தீந்துடுச்சு." "பாப்பாவுக்கு ஸ்கூல்ல மீட்டிங்." அவ்வளவுதான். நான்காவது வாரம், "உன் கிளாஸ்ல ஒருநாள் வந்து உக்காரட்டுமா?" என்று கேட்டான்.

"வேணாம்னா வராம இருந்துடுவியா?"

"இருந்துடுவேன்."

"வா" என்றாள்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். அவள் அலுவலகத்துச் சுழல்நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். ஒரு மாணவனை இரண்டு கைகளிலும் கனமான புத்தகங்களைக் கொடுத்து உட்காரவைத்துச் சுற்றிவிட்டாள். அந்தப் பையன் கையை மடக்கியதும் நாற்காலி பிய்த்துக்கொண்டு சுழன்றது. வகுப்பு ஆரவாரித்தது. இதெல்லாம் அவனுக்கும் தெரிந்த வித்தைதான். தெரியாத ஒன்றும் நடந்தது. "ஏன்?" என்று கேட்டுவிட்டு அவள் சும்மா நின்றாள். பத்து நொடி, இருபது நொடி. அவனாக இருந்தால் மூன்றாவது நொடியில் விடையைச் சொல்லியிருப்பான். அந்த அமைதியை அவனால் கடைசி பெஞ்சில் இருந்துகொண்டே தாங்க முடியவில்லை. அவள் சாதாரணமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கடைசியில், இதுவரை வாயே திறந்திராத ஒரு பெண் தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள்.

வகுப்பு முடிந்து எல்லாரும் போனபின் அவள் பலகையை அழித்தாள்.

"எப்படி இருந்துச்சு?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"வயிறு எரிஞ்சுது."

அவள் கை நின்றது. தோள்கள் லேசாகக் குலுங்கின. அழுகிறாள் என்று பயந்து அவன் எழுந்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா எரியட்டும்" என்றாள். "இந்த நாற்காலியை ஆபீஸ்ல கொண்டுபோய் வைக்கணும். அந்தப் பக்கம் பிடி."

அவன் குனிந்து பிடித்தான். இருவரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள்.

"மெதுவா" என்றாள் அவள். "படி இருக்கு."