காயாத கயிறு

படகுத்துறையின் மூன்றாவது தூணில் கட்டிய கயிறு இருபத்திரண்டு வருஷம் காயவில்லை. மழையே பெய்யாமல் ஏரி அரை மைல் உள்வாங்கிய வருஷத்திலும் அதைப் பிழிந்தால் ஒரு செம்புத் தண்ணீர் வந்தது. அந்த ஏரி ஒன்பது படகுகளை விழுங்கியிருக்கிறது. புயலில் அல்ல, பட்டப்பகலில், துணி காயப்போடுகிற வெயிலில். ஒரு பலகைகூட மிதந்து வராது. சுழல் என்றார்கள், பேய் என்றார்கள். விசாரிக்க வந்த அதிகாரிகள் டீ குடித்துவிட்டு எதையோ எழுதிக்கொண்டு போனார்கள். துறையின் வழக்கம் இதுதான்: படகு கிளம்பும்போது கட்டுக்கயிறு தூணிலேயே தொங்கும். படகு திரும்பாவிட்டால் அதை யாரும் அவிழ்க்கக் கூடாது. கயிறு காய்ந்தால் ஆள் செத்தான் என்று அழுது முடிக்கலாம். எட்டுக் கயிறு அதனதன் படகு போன ஒரே வாரத்தில் காய்ந்தது. ஒன்பதாவதுதான் இது.

அது தார்க்காரருடைய தம்பியின் கயிறு. படகின் இடுக்குகளில் பஞ்சைத் திணித்துத் தார் பூசுகிறவர் என்பதால் அண்ணனுக்கு அந்தப் பெயர். தம்பி தன் கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது அக்கரையில் வாடகை நாற்காலி எடுக்கப் போனான், வரவில்லை. ஒன்றரை வருஷம் பார்த்துவிட்டுப் பெண்ணை அண்ணனுக்கே கட்டிவைத்தார்கள். அவருக்கும் அவள் மேல் முதலிலிருந்தே ஒரு கண். அந்தப் படகுக்குத் தார் பூசியதும் அவர்தானே என்று சிலர் இழுத்தார்கள். பேசுகிறவர்கள் எதையும் பேசுவார்கள்.

அவள் தினமும் நாலு மணிக்குத் தையல் மிஷினை மூடிவிட்டுத் துறைக்குப் போய், கயிற்றை ஒரு தடவை பிடித்துப் பார்த்துவிட்டு வந்து, அந்த ஈரக் கையாலேயே புருஷனுக்கு டீ கொடுப்பாள்.

“என்ன, இன்னிக்கும் ஈரமா?”

“ஈரம்தான்.”

“துரை சௌக்கியமா இருக்காரு. நான்தான் இங்க காஞ்சு கிடக்கேன்.”

ஆளாக இருந்தால் சட்டையைப் பிடித்திருப்பார். கயிற்றோடு என்ன சண்டை போடுவது? பக்கத்திலேயே இருந்திருந்தால் தம்பிக்கும் தொப்பை விழுந்திருக்கும், முடி கொட்டியிருக்கும். காணாமல் போனவனுக்கு அந்த வம்பெல்லாம் இல்லை. ஒருநாள் அவள் புதுப் புடவை கட்டிக்கொண்டு துறைக்குக் கிளம்பினாள். தார்க்காரர் தார்ச்சட்டியை அப்படியே அடுப்பில் விட்டுவிட்டுப் பின்னாலேயே போனார்.

“நுனியில ஒண்ணும் இல்லன்னு காட்டுறேன், பாரு” என்று தண்ணீருக்குள் தொங்கிய கயிற்றை இழுத்தார்.

இருபதடிக் கயிறு. பொழுது சாயும்வரை இழுத்தும் முடியவில்லை. எட்டு நாள் இழுத்தார். சுருள் துறையை நிறைத்து, தெருவில் ஏறி, தபால் ஆபீஸ் கதவை அடைத்தது. உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்துபோனதால் அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து சோறு ஊட்டினாள். ஒன்பதாம் நாள் ஒரு படகின் மூக்கு மேலே வந்தது. பிறகு நாற்பது நாற்காலிகள். நடுவில் தம்பி, அதே இருபத்து நாலு வயது, சட்டையில் ஒரு சொட்டு ஈரமில்லை. கரையில் நின்றவளைப் பார்த்து, “அம்மா, இதைக் கொஞ்சம் புடிங்களேன்” என்று ஒரு நாற்காலியை நீட்டினான்.

அவள் வாங்கிக்கொண்டாள். “அம்மா இல்லப்பா. அண்ணி.”

அவன் அவளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். பிறகு அண்ணனை.

“கல்யாணம் முடிஞ்சிருச்சா?”

“இருபது வருஷம் ஆச்சு. நீதான் லேட்டு” என்றார் தார்க்காரர்.

சட்டை தைக்க அவனுக்கு அளவெடுத்துவிட்டு வந்து, “இத்துனூண்டு பையனா இவன்!” என்று அவள் புருஷனிடம் சிரித்தாள். மறுவருஷம் அந்த நாற்காலிகளைப் போட்டே அவனுக்குக் கல்யாணம் நடந்தது.

கயிறு அவன் கரையேறிய அன்றே காய்ந்துவிட்டது. அன்றிலிருந்து காயாதது தார்க்காரருடைய உள்ளங்கைகள்தான். எதில் துடைத்தாலும் ஊறும். தார் ஒட்டாததால் தொழிலைத் தம்பியிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். நாலு மணிக்கு அவள் மிஷினை மூடிவிட்டு வந்து அந்தக் கையை ஒரு தடவை பிடித்துப் பார்ப்பாள்.

“என்ன, ஈரமா?” என்பார்.

“ஈரம்தான்” என்று சொல்லிவிட்டு டீ போடப் போவாள்.