கேட்காமல் போட்ட தீர்மானம்

அந்த ஆண்டு பெசன்ட் நகர் கரையில் வலைகளில் மாட்டிச் செத்த ஆமைகள் நிறைய ஒதுங்கின. கடலாமைப் பாதுகாப்புச் சங்கத்தின் செயலாளர் சூடாமணி, அடுத்த ஆண்டுக் கொள்கையைக் கோபத்தோடுதான் எழுதினாள்: முட்டையிடும் பருவம் முடியும்வரை எந்தப் படகும் வலை வீசக் கூடாதென்று அரசைக் கேட்பது.

மயிலாப்பூரில் அவள் வீட்டுக் கூடத்தில் குழு கூடியது. அடையாறில் நர்ஸாக இருந்த டயானா ஒருத்திதான் அதில் ஊரூர் ஒல்காட் மீனவக் குப்பத்துப் பெண்.

“எங்கண்ணன் வலையிலயும் ஆமை மாட்டும்க்கா. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா கடலுக்குப் போவலன்னா வூட்ல அடுப்பு எரியாது.”

“ஆமைக்கு வாய் இல்லையே, டயானா. நாமதானே அதுக்காகப் பேசணும்?” என்றாள் சூடாமணி.

டயானாவைத் தவிர எல்லாரும் கை தூக்கினார்கள். அவள் சண்டை போடவில்லை. “இத எங்க ஆளுங்ககிட்ட நீங்களே வந்து சொல்லுங்க,” என்றாள்.

சூடாமணிக்கு அது நியாயமாகப் பட்டது. மறுநாள் காலை குப்பத்துக்குப் போய், வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்த டயானாவின் அண்ணன் ஜான்சனிடம் தீர்மானத்தைப் படித்துக் காட்டினாள்.

“முடிவு பண்ணிட்டீங்களா?”

“பண்ணிட்டோம். நீங்க என்ன நினைக்கறீங்க?”

“முடிவு பண்ணப்புறம் என்னை இன்னாத்துக்குக் கேக்கறீங்க?”

அவன் கோபப்பட்டிருந்தால் சொல்ல அவளிடம் பதில் இருந்தது. அவன் மறுபடி மீனைக் கழற்றத் தொடங்கிவிட்டான்.

சூடாமணி அடுத்த கூட்டத்தைக் குப்பத்திலேயே, படகுக்காரர்களையும் கூப்பிட்டு வைத்தாள். தன் தீர்மானத்தைத் தானே திரும்பப் பெற்றாள். அவளோடு சேர்ந்து சங்கத்தைத் தொடங்கிய பங்கஜம் எழுந்துவிட்டாள்.

“மனுஷாளுக்குன்னு ஆயிரம் சங்கம் இருக்கு, சூடா. இது ஆமைக்குன்னு ஆரம்பிச்சது.”

சொல்லிவிட்டுப் பங்கஜம் சங்கத்தைவிட்டு விலகிக்கொண்டாள். மற்றவர்கள் மதியம்வரை வாதாடினார்கள். கடைசியில், ஆமைகளை அதிகம் கொல்லும் பெரிய விசைப்படகுகள் கரையோரம் வராமல் தடுக்கப் போராடுவது, சின்னப் படகுக்காரர்கள் உயிரோடு மாட்டும் ஆமையை வலையை அறுத்தாவது விடுவது, கிழிந்த வலையைச் சங்கத்தார் கூட இருந்து சரிசெய்து தருவது என்று முடிவானது.

பருவம் வந்தது. செத்த ஆமைகளும் ஒதுங்கின. ஒரு காலை ஜான்சன் கிழிந்த வலையைச் சூடாமணி முன் போட்டான். “ஒண்ண வுட்டுட்டேன். நல்லா நீந்திக்கினு போச்சு.”

அவள் உடனே பங்கஜத்துக்கு போன் செய்து அதைச் சொன்னாள்.

“ஒண்ணுதானே?” என்றாள் பங்கஜம்.

“ஆமா, ஒண்ணுதான்.”

பங்கஜம் போனை வைக்கவில்லை. “நன்னா நீந்தித்தாமா?” என்று கேட்டாள்.