அவர்களும் அதுகளும்

பொங்கியண்ணனுக்கு வயிறு எரிந்தது. ஜெர்மனியிலிருந்து லெவின் என்றொரு இன்ஜினியர் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லுக்கு வந்து மூன்று மாதமாகிறது. வந்த மனிதர் ஊரில் வேறு ஆளே இல்லாதது போல மில் குமாஸ்தா ஐயாசாமியோடுதான் பேசுகிறார், சிரிக்கிறார், சாயங்காலமானால் குளத்தங்கரையில் நடக்கிறார். மாப்பிள்ளையை விட்டுவிட்டுப் பந்தக்கால் நட்டவனுக்கு மாலை போட்டால் எப்படி இருக்கும்?

மாப்பிள்ளை என்று பொங்கியண்ணன் நினைத்தது தன்னைத்தான். சென்னையில் பி.ஏ. படித்தவர். தோட்டத்தை ஆட்களிடம் விட்டுவிட்டு, ஒரு பெரிய ஜெர்மன் ஞானியின் நூலை ஆறு வருடமாகத் தமிழாக்கிக்கொண்டிருந்தார். அதுவும் இங்கிலீஷ் வழியாக. ஜெர்மன் ஓர் எழுத்தும் தெரியாது. தெரிந்தவன் ஐயாசாமி. அவனுடைய அப்பன் இவர் கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டியவன். மகன் ஒரு ஜெர்மன் பாதிரியார் வீட்டில் வளர்ந்ததால் அந்த மொழி அவனுக்குச் சும்மா கிடைத்தது. அந்த ‘சும்மா’வைத்தான் இவரால் பொறுக்க முடியவில்லை.

முப்பத்தெட்டாம் வருடம் தை பிறந்தால் புத்தகம் அச்சுக்குப் போக வேண்டும். முன்னுரை ஒரு ஜெர்மானியர் கையால் வந்துவிட்டால் கோயமுத்தூரில் எவனும் வாயைத் திறக்க முடியாது. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை லெவினை விருந்துக்கு அழைத்தார். லெவினுக்கு இங்கிலீஷ் அரைகுறை. அதனால் பேச்சுத் துணைக்கு ஐயாசாமியையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். லெவின் நாற்காலியில் உட்கார்ந்தார், ஐயாசாமி வாசற்படிக்கு வெளியே நின்றான். லெவின் இரண்டு முறை அவனைத் திரும்பிப் பார்த்தார். பொங்கியண்ணன் அதைக் கவனிக்காதது போல இருந்துகொண்டார்.

சாப்பாடு முடிந்ததும் லெவின் ஏதோ சொன்னார்.

“யூதரைப் பத்தி ஒரு பக்கம் வருமாமுங்க. அதை நீங்க எப்படி எழுதியிருக்கீங்கன்னு கேக்கோணுமாமுங்க,” என்றான் ஐயாசாமி.

பொங்கியண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். ‘யூதர்கள் நம்மிடையே வாழ்கிறார்கள். எனினும் அவர்கள் நம்மவர்கள் அல்லர். அவர்கள் சற்று விலகியிருப்பதே இரு சாராருக்கும் நலம்.’

ஐயாசாமி அதை ஜெர்மனில் திருப்பிச் சொன்னான். லெவின் சிரித்தார். அது நல்ல சிரிப்பாக இல்லை.

“புஸ்தகம் எழுதுனவரு இத்தனை மரியாதையா எழுதலீங்களாம்,” என்றான் ஐயாசாமி. “தொரை காலேஜுல படிக்கறப்ப இந்தப் புஸ்தகத்தை மனப்பாடமாச் சொல்லுவாராமுங்க. இந்தப் பக்கத்தையுந்தானுங்க. தொரை யூதருங்க. நாலு வருசத்துக்கு முந்தி வேலைய உட்டுத் தொரத்தறப்ப, இதே பக்கத்தைத்தான் ஆபீசுல படிச்சுக் காட்டுனாங்களாமுங்க.”

இங்கிலீஷில் படித்தபோதே அந்தப் பக்கம் பொங்கியண்ணனை உறுத்தத்தான் செய்தது. கோயமுத்தூர்க்காரன் வைதாலும் ‘ங்க’ போட்டுத்தான் வைவான் என்பார்கள். ஞானியையும் அப்படி ஒரு கோயமுத்தூர்க்காரர் ஆக்கிவிட்டிருந்தார்.

“புஸ்தகம் வேண்டாம்னு சொல்லலீங்க. போட்டா, எதையும் மறைக்காம அவரு எழுதுன மாதிரியே போடோணுமாமுங்க. அப்பத்தான் தொரை முன்னுரை எழுதுவாராமுங்க.”

லெவின் பட்ட பாட்டுக்காகப் பொங்கியண்ணனின் மனம் வருந்தியிருக்க வேண்டும். கொஞ்சம் வருந்தவும் செய்தது. ஆனால் தான் பூசி மெழுகியதைக் கவலைக்காரன் மகன் சொல்லக் கேட்க நேர்ந்ததே, அதுதான் எரிந்தது. இனி இரண்டு பேரும் குளத்தங்கரையில் இதைப் பேசிச் சிரிப்பார்கள். பாவம், கவுண்டருக்கு அவ்வளவுதான் வரும் என்பார்கள்.

மறுநாள் காலையிலேயே உட்கார்ந்துவிட்டார். ‘விலகியிருப்பதே நலம்’ என்பதை அடித்து ‘எட்டியே வைக்க வேண்டும்’ என்று எழுதினார். ‘வாழ்கிறார்கள்’ என்பது ‘பிழைக்கிறார்கள்’ ஆயிற்று. ‘அவர்கள்’ மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. இங்கிலீஷில் மனிதருக்கும் மாட்டுக்கும் அந்த இடத்தில் ஒரே சொல். தமிழ் அப்படித் தப்பிக்க விடுவதில்லை. ‘அவர்கள்’ என்றால் மரியாதை வந்து உட்கார்ந்துகொள்கிறது. ‘அவன்கள்’ என்றால் தெருச்சண்டையாகிவிடுகிறது. ஞானி சண்டை போடவில்லையே, நிதானமாக அல்லவா வெறுக்கிறார்.

அப்போது புறக்கடையில் அவருடைய தாயார் ராசாத்தாளின் குரல் கேட்டது. களையெடுக்க வந்தவர்களைப் பற்றி வேலைக்காரியிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள். “அதுகளுக்குக் கூழு ஊத்தியாச்சா, அம்மணி? பாத்து, எட்ட நின்னு ஊத்து.” கோபமே இல்லாத, கனிவான குரல்.

அதுகள். பொங்கியண்ணனுக்குச் சொல் கிடைத்துவிட்டது. மளமளவென்று பக்கம் முழுக்க மாற்றினார். ‘அதுகள் நம்மிடையே பிழைக்கின்றன. ஆனாலும் அதுகள் நாமல்ல. அதுகளை எட்டியே வைக்க வேண்டும்.’ படித்துப் பார்த்தபோது அவருக்கே உடம்பு கூசியது. ஆனாலும் ஜெர்மன் தெரிந்தவனுக்கு இது வந்திருக்குமா என்று நினைத்ததும் ஆறு வருடத்தில் காணாத சந்தோஷம் பொங்கியது.

சாயங்காலம் ஐயாசாமியை வரச் சொன்னார். அவன் வழக்கமான இடத்தில் நின்றான். வழக்கப்படியே பொங்கியண்ணன் தாளை வாசற்படியில் வைத்தார். அவன் குனிந்து எடுத்துக்கொண்டான். இரண்டு முறை படித்தான்.

“சரியா வந்திருக்குதுங்க. தொரை முன்னுரை எழுதிப்போடுவாருங்க.” தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான். “இந்த ‘அதுகள்’ங்கற வார்த்தை உங்களுக்கு எங்கிருந்து கெடச்சுதுங்க? டிக்சனரில இல்லீங்களே.”

அவனைவிடத் தான் ஒரு படி மேல் என்று காட்டத்தான் அவனைக் கூப்பிட்டிருந்தார். பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. புறக்கடைப் பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு வாசற்படியையும், அதற்கு அந்தப் பக்கம் நின்ற கால்களையும் பார்த்தார்.

“சின்ன வயசுல இருந்து காதுல உழுந்ததுங்க,” என்றார். அந்த ‘ங்க’ எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

“தெரியுமுங்க,” என்றான் ஐயாசாமி. எடுத்த இடத்திலேயே தாளை வைத்தான். “நாங்களும் அங்கயேதான நின்னுட்டிருந்தமுங்க.”