மேசைக்கு அடியில் பருத்த நாய்

அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் எங்கள் எதிர்வீட்டு எல்விராவுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் ரொக்ஸானா. இளையவள் மைத்தே. பையன் என்று வளர்க்கப்பட்ட மைத்தே, தான் பெண்தான் என்று சொல்லி ஒருநாள் பேரையும் மாற்றிக்கொண்டாள். எல்விரா முதலில் அழுதாள். பிறகு தன் தோடுகளைக் கழற்றி அவளுக்கு மாட்டி, தெரு முழுக்கக் கூட்டிப்போய்க் காட்டினாள்.

வினை துணிக்கடையில் வந்தது. மைத்தேவுக்குப் பிடித்த பாவாடை இடுப்பில் ஏறவில்லை.

"ஒரே சைஸ்தாம்மா. பொம்பளைங்க எல்லாருக்கும் சரியாத்தான் இருக்கு" என்றாள் கடைக்காரி.

அந்த 'பொம்பளைங்க' அவளைத் தைத்துவிட்டது. அன்றிலிருந்து அவள் தட்டு இறைச்சியெல்லாம் மேசைக்கு அடியில் படுத்திருந்த நாய் தொர்னீயோவின் வாய்க்குள் போயிற்று.

நாய் பருத்து, படியேற மறுத்தது. மூவருமாகத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனார்கள்.

"யாரு தீனி போடறது?"

"நான்தான். ஒரே ஒரு கிண்ணம்" என்றாள் எல்விரா.

"பொய் சொல்லாதீங்கம்மா. ரெண்டு ஆள் சாப்பாடு இது உடம்புல இருக்கு."

மைத்தே அழுதுவிட்டாள். "ஒரு ஆள் நான், டாக்டர்."

ரொக்ஸானா சுவரைப் பார்த்தபடி, "இன்னொண்ணு நான்" என்றாள்.

"அடிப்பாவிகளா! ஞாயித்துக்கிழமை பூரா அடுப்புல நான் வெந்தது நாய்க்கா?"

வெளியே வந்ததும் மைத்தே கேட்டாள்: "உனக்கென்னக்கா? பொறந்ததுலேருந்தே பொம்பளை. உன்னை யாரு சந்தேகப்படப் போறா?"

"எல்லாருந்தான். பதினஞ்சாம் பொறந்தநாள் விருந்துக்குத் தைச்ச கவுனுலேருந்து பாக்கறேன். இந்தப் பரீட்சையில எவளும் பாஸானதில்லடி."

இருவரும் நடுத்தெருவில் சிரித்தார்கள். சிரிப்பு அழுகையில் முடிந்தது.

சாப்பிடப் பயந்து பட்டினி கிடக்கும் சிக்கலுக்கென்றே ஆஸ்பத்திரியில் கூடும் பெண்கள் குழுவில் இருவரும் சேர்ந்தார்கள். தன்னை உள்ளே விடுவார்களா என்று மைத்தே வாசலில் தயங்கினாள். "வந்து உக்காரு, நாற்காலி காலியாத்தான் இருக்கு" என்றார்கள். அங்கிருந்த மருத்துவர் எல்விராவையும் வரவழைத்து, சாப்பாட்டு மேசையில் யாருடைய உடம்பைப் பற்றியும் பேசக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

எல்விராவுக்கு வாயைக் கட்டிப்போட்டது போலாயிற்று. 'இளைச்சிருக்கே, அழகா இருக்கே' என்பதைத் தவிர வேறு கொஞ்சல் அவளுக்குத் தெரியாது.

"அப்ப நான் எதைத்தான் பேசறது?" என்றாள் ஞாயிறன்று.

"கால்பந்து பேசேன்" என்றாள் ரொக்ஸானா.

"அதுவும் சரி. நேத்து அந்தக் கோல்கீப்பர் பந்தை விட்டானே! எப்படிக் குனிவான்? அவன் தொப்பையைப் பாத்தா..."

"அம்மா!" என்று இருவரும் கத்தினார்கள்.

"கோல்கீப்பர் தொப்பையுமா கூடாது?"

"கூடாது!"

எல்விரா பெருமூச்சுவிட்டு நடுவரைத் திட்டத் தொடங்கினாள். மைத்தே பாதித் தட்டைச் சாப்பிட்டாள். மீதி தட்டிலேயே இருந்தது. மேசைக்கு அடியில் தொர்னீயோ வீணாய்க் காத்துக்கிடந்தது.