சபியா உம்மாவிடம் நடந்து வந்த இறால்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டில், சாய்ந்தமருதில் முனாப் சுட்டு இறக்கிய இறால்கள் தட்டிலிருந்து எழுந்து, விருந்துக்கு வந்தவரைக் கடந்து, திரைச்சீலைக்கு அடியால் நுழைந்து முனாபின் மாமியாரிடம் போய்ச் சேர்ந்தன. மாமியார் சபியா உம்மா, மருமகன் மாப்பிள்ளையாகப் படியேறிய நாள்தொட்டு அவருக்கு முகம் காட்டாதவர், நேரே ஒரு சொல் கதைக்காதவர். அந்தப் பக்கத்து மாமிமார் அப்படித்தான். சொல்ல வேண்டியதைத் திரைக்குப் பின்னால் நின்று பூனைக்குச் சொல்வார். மருமகனும் பதிலைப் பூனைக்கே சொல்வார். பூனை நடுவில் படுத்திருக்கும்.

ஜித்தாவில் பெரிய ஹோட்டலில் சமைத்ததாகச் சொல்லிக்கொண்டு திரும்பி வந்த முனாப், வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியோடு திரிந்தார். கதவு நிலையில் நெற்றி மோதியும் கழற்றவில்லை. அவருக்கு ஒரே யோசனைதான்: வீட்டை விற்றுக் கல்முனையில் ஹோட்டல் போட்டு, சுட்ட இறாலும் கச்சான் கடலைக் கூட்டும் கொடுப்பது. வீடோ சபியா உம்மா கட்டி, மகள் றம்லாவுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தது. அது போனால் சபியா உம்மாவுக்கு ஒதுங்க வேறு கூரை இல்லை.

“பூனே, கேட்டியா? கோப்பை கழுவப் போன மனிசன் இப்ப ஊட்ட விக்க வந்திரிக்காரு.”

“நான் கோப்பை கழுவல்ல எண்டு சொல்லு பூனே. என்ட இறாலுக்கு ஷேக்குமாரே காத்து நிண்டவங்க.”

“ஓம் ஓம், வேகுமட்டும் நிண்டிருப்பாங்க.”

நடுவில் கிடந்து அலுத்த றம்லா ஒருநாள் முடிவாகச் சொன்னாள்: “இப்றாஹிம் முதலாளி ஊட்ட வாங்க வாறாருதானே. முதல்ல அவர் தின்னட்டும். திண்டுபோட்டு நல்லம் எண்டா கையொப்பம் வெக்கிறன். இல்லாட்டி இந்தக் கதையே எடுக்கப்படா.”

முனாப் இறாலை எருமைத் தயிரிலும் உள்ளியிலும் தேசிக்காய்ப் புளியிலும் பிரட்டி ஊறவைத்தார். தலையையும் காலையும் கழற்றாமல் சுடுவதுதான் ஜித்தா முறையாம். “காலோடயா சுடுறாரு பூனே? எங்கயும் நடந்து போகவா?” என்று கேட்டார் சபியா உம்மா. முனாப், பாதியாக வெட்டிய தார்ப் பீப்பாவில் சிரட்டைக்கரியை மூட்டி, சைக்கிள் கம்பியில் இறாலைக் கோத்தார். வறுத்த கச்சானை அம்மியில் அரைத்து, தேங்காய்ப்பாலும் கொச்சிக்காயும் சேர்த்துக் காய்ச்சிய கூட்டு அடுப்படியில் ஆறிக் கிடந்தது. யாரும் பார்க்காத நேரம் சபியா உம்மா ஒரு விரல் தொட்டு நக்கினார். ருசி நன்றாக இருந்தது. அவர் அண்ணாந்து வீட்டுக் கூரையைப் பார்த்தார்.

இப்றாஹிம் முதலாளி பிஸ்மில்லாஹ் சொல்லிக் கையை நீட்டியபோதுதான் முதல் கம்பி எழுந்தது. சிவக்கச் சுட்ட இறால்கள், மையத்தைச் சந்தூக்கில் தூக்கிப் போகிறவர்களைப் போலக் கம்பியைச் சுமந்தபடி வரிசையாக இறங்கின. மற்றக் கம்பிகளும் பின்னால் போயின. முதலாளியின் சாரனில் தயிர் தீற்றிவிட்டுத் திரைக்குள் நுழைந்து, சபியா உம்மாவின் தட்டில் ஏறிப் படுத்துக்கொண்டன. தேடி வந்ததைத் திருப்பி அனுப்புவது மரியாதையில்லை என்று சபியா உம்மா ஒன்று விடாமல் தின்றார்.

“பூனே, உப்புக் கூடிப்போச்சு எண்டு சொல்லு.”

முதலாளி கச்சான் கூட்டை மட்டும் வழித்து நக்கிவிட்டு எழுந்தார். “தின்னாத இறாலுக்கு நல்லம் எண்டு எப்பிடிச் சொல்ற தம்பி?” றம்லா பேனையைத் தொடவில்லை.

முனாபுக்கு ரோசம் வந்தது, புத்தி வரவில்லை. பீப்பாவைக் கல்முனைக்குக் கொண்டுபோய்ச் சுட்டார். இறால்கள் பிரதான பாதையால் நடந்து வந்தன. பஸ்காரர்கள் ஹோன் அடித்துப் பார்த்து, பிறகு வேகத்தைக் குறைக்கப் பழகிக்கொண்டார்கள். காலைக் கழற்றிப் பார்த்தார். ஊர்ந்து வந்தன, கொஞ்சம் பிந்தி. தூரத்துக் கோமாரியில் போய்ச் சுட்டவை வந்து சேர்ந்தபோது காய்ந்து கருவாடாகியிருந்தன. அவற்றைச் சபியா உம்மா சம்பலில் இடித்துத் தின்றார். ஊரடங்கு வந்த வருடங்களில் பாதையில் வர விட்டது இறால்களை மட்டும்தான். சோதனைச் சாவடியில் ஒரு தரமும் மறிக்கவில்லை. கடைசியில் முனாப் பீப்பாவை முற்றத்திலேயே நிறுத்தி, கச்சான் கூட்டை றொட்டியோடு விற்கத் தொடங்கினார். அது நன்றாக ஓடியது. இறாலை மாமியாருக்காகவே சுட்டார் என்று சொல்ல முடியாது. ஆனால் சுட்டார்.

எண்பத்தொன்பதிலும் அப்படித்தான். பின்னேரம் அசர் தொழுகை முடிந்தபின், இறால்கள் திரைக்குள் போய் ஏறியதும், உள்ளேயிருந்து குரல் வரும்.

“பூனே, கூட்டு இன்னும் வரல்ல. அதுக்குக் கால் இல்லயாக்கும்.”

முனாப் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கோப்பையைத் தூக்கிக்கொண்டு திரைவரை போவார். அடியால் ஒரு கை நீண்டு வாங்கும்.

“ஊடு விக்கிற கதை என்னாச்சாம்?”

“எந்த ஊடு பூனே?” என்பார் முனாப்.

“உப்பு இண்டைக்கும் கூடிப்போச்சு.”

உப்பு எப்போதோ அளவாகிவிட்டது. அதைச் சபியா உம்மா பூனைக்கும் சொல்லவில்லை.