என் மனைவியின் ஃபயர்வாலில் ஒரு ஓட்டை

1
இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதல் வரைவில் 'தொழில்நுட்ப ஆர்வத்தில்' என்று எழுதியிருந்தேன், பொய். பதினைந்து வருடமாக லினக்ஸ் கணினிகளோடு மல்லுக்கட்டும் புருஷன் வீட்டிலேயே இருக்க, என் மனைவி தன் லேப்டாப்பைப் பாதுகாப்பாக்கித் தரச் சொல்லி அவளுடைய அத்தை மகனிடம் கொடுத்தாள்.

("அத்தான் ஒரு தடவை பாத்துட்டா எனக்கு நிம்மதி" என்றாள். அந்த 'அத்தான்' என் காதில் எப்படி விழும் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு காலத்தில் இரண்டு வீட்டிலும் பேச்சு அடிபட்டிருக்கிறது.)

2
கொஞ்சம் பாடம், பொறுத்துக்கொள்ளுங்கள். மனைவி செய்தியாளர். ஒரு மருத்துவமனையின் செவிலியர் அங்குள்ள சர்வரிலேயே சில ஆவணங்களை யாருக்கும் தெரியாமல் ஒரு மூலையில் வைப்பார். இவள் விபிஎன் என்ற, நம் முகவரியை மறைக்கும் இணைப்பு வழியாகப் போய் எடுப்பாள். எங்கள் வீட்டு இணைய முகவரி அங்கே பதிந்தால் செவிலியர் மாட்டிக்கொள்வார். விபிஎன் திடீரென அறுந்தால் லேப்டாப் சத்தமில்லாமல் வீட்டு இணைப்புக்குத் தாவிவிடும். அதைத் தடுப்பதுதான் கில் ஸ்விட்ச்: விபிஎன்னைத் தவிர வேறு வழியில் எதுவும் வெளியே போகக்கூடாது என்று ஃபயர்வால் என்ற காவல் மென்பொருளில் விதி எழுதுவது.

அத்தான் அரை மணி நேரத்தில் எழுதி முடித்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

3
'அவருடைய சிரிப்பில் ஒரு கள்ளத்தனம்

வேண்டாம். மனிதர் தங்கம். என்னை "எழுத்தாளரே" என்று மனதாரக் கூப்பிடுவார். அதுதான் எரிச்சலே.

4
வியாழக்கிழமை மதியம் அத்தான் சாப்பிட வந்திருந்தார். அப்போதுதான் ஓட்டையைக் கண்டுபிடித்தேன்.

"இங்க கொஞ்சம் வாங்க. விபிஎன்ன நிறுத்திட்டேன். ஆனாலும் இணையப் பக்கம் தொறக்குது பாருங்க."

குனிந்து பார்த்தார். பழைய வகை இணைய முகவரிகளுக்கு மட்டும் விதி எழுதியிருந்தார். ஐபிவி6 என்ற புதிய, நீளமான முகவரிகளை மறந்தே போயிருந்தார். அந்த வழி விரியத் திறந்து கிடந்தது.

"ஐயோ, என் தப்புதான். நல்லவேளை நீங்க பாத்தீங்க, எழுத்தாளரே." இரண்டே நிமிடத்தில் அதற்கும் விதி எழுதினார்.

மனைவி என்னைப் பார்த்தாள். "எப்போ கண்டுபிடிச்சீங்க?"

"இப்பத்தான்."

5
நான்காம் பிரிவின் இரண்டாவது வாக்கியத்தை அடித்துவிடுங்கள். கண்டுபிடித்தது திங்கட்கிழமை. அவள் குளிக்கப் போயிருந்தபோது சோதித்துப் பார்த்தேன். பக்கம் திறந்ததும் விசிலடித்தேன், வெட்கமில்லாமல்.

உடனே சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் வியாழக்கிழமை வருகிறார் என்று தெரியும். அவர் முகத்துக்கு நேரே, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொல்ல ஆசைப்பட்டேன். மூன்று நாள் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன்.

புதன்கிழமை காலை விபிஎன் பதினொரு நிமிடம் அறுந்தது. பிறகுதான் லேப்டாப்பின் பதிவுகளில் பார்த்தோம். அந்தப் பதினொரு நிமிடமும் அவள் ஆவணங்களை இறக்கிக்கொண்டிருந்தாள்.

6
வெள்ளிக்கிழமையிலிருந்து செவிலியரின் போன் அணைந்து கிடக்கிறது. அத்தான் தினமும் கூப்பிடுகிறார். "என்னாலதானே அந்தப் பொண்ணு..." என்பதைத் தாண்டி அவரால் பேச முடியவில்லை.

"விடுங்க அத்தான், வேணும்னா செஞ்சீங்க?" என்று என் மனைவி தேற்றுகிறாள். அவள் குரல் அவ்வளவு மென்மையாக இருக்கிறது. அதைக் கேட்டும் எனக்கு வயிறெரிகிறது, நம்புவீர்களா?

7
முடிவுகள்.

அ) செவிலியர் விடுமுறையில் போயிருந்தார், திரும்பி வந்து சிரிக்கிறார். (எழுத ஆசைதான். நானே நம்பமாட்டேன்.)

ஆ) அத்தானிடம் உண்மையைச் சொல்கிறேன். அவர் என்னை மன்னிக்கிறார். (அதைத் தாங்க என்னால் ஆகாது.)

இ) ஐந்தாம் பிரிவை மட்டும் வெட்டிவிட்டு

வெட்டவில்லை. நான் எழுதும் எதையும் முதலில் வாசிப்பது என் மனைவிதான். தாள்களை அவள் மேசையில் வைத்துவிட்டேன். ஆகவே மற்ற வாசகர்கள் மன்னிக்க வேண்டும், இனி உங்களோடு பேச்சில்லை.

இதுவரை வாசித்துவிட்டாய் அல்லவா? முடிவை நீயே எழுது. பக்கத்து அறையில்தான் இருக்கிறேன். நீ முதலில் என்னைக் கூப்பிடுவாயா, போனை எடுத்து உன் அத்தானைக் கூப்பிடுவாயா என்று இப்போதுகூடக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.