சீசாவின் வண்டல்

விழுப்புரத்தில் வேர்க்கடலை எடை போடும் மல்லாட்டை மண்டியில் விருத்தாசலத்துக்கு நல்ல பெயர். எடையில் கை வைக்க மாட்டார், வாயை அதிகம் திறக்க மாட்டார். நரம்புத் தளர்ச்சிக்கென்று திண்டிவனத்து டாக்டர் ஒருவர் எழுதிக்கொடுத்த டானிக்கை வருஷக்கணக்காகக் குடித்து வந்தார். அதை வாங்கிவர வேறு யாரையும் அனுப்ப மாட்டார். தானே ரயிலேறிப் போய், கழுவிய சீசாவை நீட்டி, நிரப்பிக்கொண்டு வருவார்.

சீமை மருந்தை அந்த வீட்டில் கஷாயம் போலத்தான் நடத்தினார்கள். கஷாயத்தை யாராவது குலுக்கிக் குடிப்பார்களா? ஆடாமல் அசையாமல் மாடத்தில் வைத்து, தெளிந்த பிறகு மேலாக இறுத்துக் குடிப்பதுதான் முறை. சீசாவில் வேளைக்கு இவ்வளவு என்று காட்ட, பல் பல்லாக வெட்டிய அளவுக் காகிதமும், அதற்கு மேல் இங்கிலீஷில் ஏதோ ஒரு வரியும் ஒட்டியிருக்கும். அந்த வரியைப் படிக்கத் தெருவிலேயே ஆள் கிடையாது.

தெளிவெல்லாம் புருஷனுக்கு. அடியில் வெள்ளையாகத் தங்குகிற வண்டல் சின்னபொண்ணுக்கு. யுத்தம் வந்து மருந்து ஆனை விலை குதிரை விலை விற்கும்போது அதைக் கொட்ட எந்தப் பெண்பிள்ளைக்கு மனசு வரும்? தண்ணீர் விட்டு அலசி, கசப்புக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரே மடக்காகக் குடித்துவிடுவாள். அவர் சாப்பிட்ட இலையில் மிச்சத்தைச் சாப்பிடுகிறவளுக்கு இது ஒரு பெரிய காரியமா? அவள் குடிப்பதை விருத்தாசலமும் பார்ப்பார். பார்த்துவிட்டு மண்டிக்குக் கிளம்பிவிடுவார்.

சின்னபொண்ணு இரண்டாந்தாரம். முதல் மனைவி செண்பகம் இதே கூடத்தில்தான் செத்தாள். உடம்பு வில்லாக வளைந்து, தலையும் குதிகாலும் மட்டும் தரையில் பட, பல்லை இளித்துக்கொண்டே செத்தாள். குளிப்பாட்டியவர்களால் அந்த வாயை மூட முடியவில்லை என்று விருத்தாசலத்தின் அக்கா வெள்ளையம்மாள் சொல்லுவாள். சொல்லும்போது சின்னபொண்ணின் வாயையே பார்ப்பாள்.

பார்த்ததற்கு ஏற்றபடி ஒரு நாள் உச்சிவேளையில் சின்னபொண்ணுக்கும் அது வந்தது. முதலில் தாடை இறுகியது. கொல்லையில் கோழி கொக்கரித்ததற்கு உடம்பு தூக்கிப்போட்டது. பாத்திரம் விழுந்த சத்தத்துக்கு முதுகு வளைந்தது. உதடு இரண்டும் தானாக விரிந்துகொண்டு போக, அவள் உள்ளுக்குள்ளேயே அலறினாள். அவளுக்கு நினைவு தப்பவே இல்லை. சுற்றி நின்றவர்கள் பேசிய ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் காதில் விழுந்தது.

"அதே இளிப்புடா தம்பி! செண்பகம் வந்துட்டாடா!" என்றாள் வெள்ளையம்மாள்.

அன்றைக்கு ஒருவழியாக உடம்பு தணிந்தது. ஆனால் மறுபடியும் வந்தது. மயிலம் பக்கத்திலிருந்து பூசாரியைக் கூட்டிவந்து பம்பை அடித்தார்கள். பம்பையில் ஒவ்வோர் அடி விழும்போதும் அவள் உடம்பு தரையை விட்டு எழும்பி விழுந்தது. இதற்கு மேல் என்ன ருசு வேண்டும்?

"யாரு நீ? சொல்லு, யாரு நீ?"

சத்தம் நின்றால் போதும் அவளுக்கு. கடித்த பல்லுக்கு நடுவே, "செண்பகம்" என்றாள். பம்பை நின்றது.

"மூணாந்தரம் வந்தா இவளைக் கூட்டிக்கினுதான் போவா" என்று சொல்லிவிட்டு, பூசாரி தட்சணையோடு போய்ச் சேர்ந்தார். விருத்தாசலம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாவம், மனுஷர் எப்படி வேர்த்திருக்கிறார் என்றுதான் சின்னபொண்ணு அப்போது நினைத்தாள்.

செண்பகத்தை அவள் திட்டாத நாளில்லை. செத்தும் புருஷனை விடாத மூதேவி என்று வாய்விட்டே சபித்தாள். மூன்றாந்தரம் என்ற பேச்சு மனசில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. தாய்வீடு திண்டிவனம். அங்கே ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பியபோது, மாடத்திலிருந்த சீசாவையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். மண்டியில் சீஸன் நேரம், அவருக்கு ஓர் அலைச்சல் மிச்சமாகட்டுமே என்ற நல்ல எண்ணம்தான். அடி வண்டலைக் குடிக்க அன்று நேரமில்லை.

டாக்டர் வீட்டு முன்கட்டில் கம்பவுண்டர் இருதயராஜ் சீசாவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். அடியிலிருந்த வெள்ளையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"குலுக்காமலா குடிக்கிறாரு?"

"தெளிய வச்சுத்தாங்க குடிப்பாரு. அடி எனக்கு."

இருதயராஜ் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "ஏம்மா, எட்டிக்கொட்டைச் சத்து சேர்ந்த மருந்தும்மா இது. குலுக்கினா எல்லா வேளைக்கும் சமமா போவும். குலுக்காம வச்சா விஷம் பூரா அடியில போய் உக்காந்துக்கும். குடிச்சா தாடை கிட்டிச்சுப்பூடும், உடம்பு வில்லா வளையும். மருந்து வேலை செய்யலன்னு அவரு சொல்லச் சொல்ல, டாக்டர் வேற அளவை ஏத்திக்கினே போறாரு. அடி விஷம்னு உங்க வீட்டுக்காரருகிட்ட எப்பவோ சொன்னனே!"

வண்டலைக் கொட்டப் போனவர் கையிலிருந்து அவள் சீசாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

ரயிலில் மயிலம் மலை ஜன்னலோடு கூடவே வந்து பின்தங்கியது. மறந்திருப்பார், ஆம்பிளைக்கு ஆயிரம் ஜோலி என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். விக்கிரவாண்டியில் வண்டி நின்றபோது விசில் ஊதியது. அந்தச் சத்தத்துக்கு உடம்பு எம்புமோ என்று பயந்து பெஞ்சை இறுகப் பிடித்தாள். உடம்பு சும்மாதான் இருந்தது. செண்பகமும் இந்த மாதிரி அலசித்தான் குடித்திருப்பாள் என்று தோன்றியதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாவி, எத்தனை நாள் அந்த மகராசியைச் சபித்தாயிற்று!

வீட்டில் விருத்தாசலம் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பொழுது இன்னும் இறங்கவில்லை. அவள் சீசாவில் தண்ணீர் விட்டு, அவர் பார்க்கவே நன்றாகக் குலுக்கினாள். வெள்ளையாகக் கலங்கியதை டம்ளரில் ஊற்றி நீட்டினாள்.

"கம்பவுண்டர் குலுக்கித்தான் குடிக்கணும்னாரு. குடிங்க."

கை நீண்டது. டம்ளருக்குள் பார்த்தார். நீண்ட கை பாதியில் நின்று, மெதுவாகப் பின்னால் போய் மடியில் ஒடுங்கியது.

"வேணாம்… அது அடி."

"எனக்கு ஆவுது, உங்களுக்கு ஆவாதா?"

"அவ செத்தப்புறந்தான் தெரிஞ்சுது. கொட்டச் சொன்னா ஏன்னு கேப்பாங்க. வெளிய சொன்னா, அவளைக் குடிக்க வுட்டுட்டுப் பார்த்தவன்னு ஊரு என்னைத்தானே பேசும்" என்றார்.

"நான் குடிக்கறப்பவும் பார்த்துக்கினுதானே இருந்தீங்க?"

சின்னபொண்ணுக்கு அலறலாம் போலிருந்தது. ஆனால் வாயில் வந்தது சிரிப்பு. யாரும் இழுக்காமல், அவள் உதடே அவள் இஷ்டத்துக்கு விரித்த சிரிப்பு. டம்ளரை நீட்டியபடியே ஓரடி முன்னால் வைத்தாள். விருத்தாசலம் அந்த வாயைப் பார்த்தார். பார்த்ததும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

"சிரிக்காத… யாரு… யாரு நீ?"

இந்தத் தடவை பம்பை அடிக்க யாரும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்ல அவளுக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை.

"செண்பகம்" என்றாள்.